தோட்டம் கேள்வி – பதில்: புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர்?

சித்திரை வெயில் ஏறினால் எனக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். அதுவரை ரோஜா, மல்லிகை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் "ஐயா, லான் காயுதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கோவை தொண்டாமுத்தூர் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்து, வீடுகளுக்குப் புல்தரை போட்டுக் கொடுப்பது என் தொழில். தண்ணீர் இல்லாமல் காய்ந்த புல்லைவிட, தண்ணீர் விடும் முறை தெரியாமல் கெட்ட புல்லைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இந்த இதழ் முழுக்கத் தண்ணீர்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு சென்ட் கொரியன் புல். காலையும் மாலையும் நானே ஹோஸ் பிடித்துப் பத்துப் பத்து நிமிடம் தண்ணீர் விடுகிறேன். ஒருநாளும் தவறுவதில்லை. ஆனாலும் நடுநடுவே மஞ்சள் திட்டு. உரம் போதவில்லையா?
– வாசகி, சிங்காநல்லூர்

உரத்தை இப்போது தொடாதீர்கள் அம்மா. வாடி நிற்கும் புல்லுக்கு யூரியா போட்டால் மஞ்சள் கருகலாகிவிடும். முதலில் கணக்குப் பார்ப்போம்.

ஹோஸை ஒரு 15 லிட்டர் வாளிக்குள் விட்டு, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு 150 லிட்டர். இரண்டு சென்ட் என்பது 80 சதுர மீட்டர் சொச்சம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒரு வேளைக்கு விடுவது இரண்டு மில்லிமீட்டர்கூட வரவில்லை. அது புல்லின் தலையையும் மண்ணின் மேல்தோலையும் நனைக்கும். பத்து மணி வெயிலில் பாதி போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாரம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள்: 14 வேளை, 2,100 லிட்டர். வெயில் காலத்தில் நம் ஊர்ப் புல்தரைக்கு வாரத்துக்கு ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு ஆயிரம் லிட்டர், உங்கள் இரண்டு சென்ட்டுக்கு இரண்டாயிரம். ஆக நீங்கள் செலவழிக்கும் தண்ணீர் சரியான அளவுதான். வேருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

அதே தண்ணீரை வாரம் இரண்டே தடவையாக விடுங்கள். தடவைக்கு ஆயிரம் லிட்டர், உங்கள் ஹோஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தரையை மனத்துக்குள் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்க்ளரை 16, 17 நிமிடம் வைத்து மாற்றுங்கள். தண்ணீர் நடைபாதைக்கு ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து மீதியை விடுங்கள்.

ஆனால் நாளைக்கே மாற்றிவிட வேண்டாம். உங்கள் புல்லுக்கு வேர் இப்போது மேலாகத்தான் இருக்கும். தினம் இரண்டு வேளை தண்ணீர் கண்ட வேர் எதற்குக் கீழே போகப் போகிறது? முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்த இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் இரண்டு. காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இன்னொரு தடவை கூட்டிக்கொள்ளலாம். மார்கழி, தை மாதங்களில் இதில் பாதி போதும்.

போதுமான ஆழம் நனைந்ததா என்று தெரிய வேண்டுமென்றால், தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்துங்கள். ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். ஐந்தாறு அங்குலம் இறங்கினால் நல்லது. ஓர் அங்குலத் தண்ணீர் மணல் தரையில் ஓரடி ஆழம் போகும், நம் செம்மண்ணில் ஆறேழு அங்குலம், கரிசலில் நாலைந்து அங்குலம்.

அப்புறம் அந்த மஞ்சள் திட்டு. கொரியன் புல்லில் அடியில் காய்ந்த தண்டும் இலையும் சேர்ந்து ஒரு படலமாகிவிடும். திட்டுத் திட்டாக மேடு தட்டுவதும் இதனால்தான். அந்தப் படலம் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, சரிந்து ஓடவிடும். மஞ்சள் இடத்தில் கையை வைத்து அமுக்கினால் மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், தோட்ட ஃபோர்க்கால் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி, ஆற்று மணலை மேலே தூவித் துடைப்பத்தால் ஓட்டைகளுக்குள் தள்ளுங்கள். அதன் பிறகு விடும் தண்ணீர் இறங்கும்.

நடுப்பகலில் தண்ணீர் விட்டால் துளிகள் பூதக்கண்ணாடிபோல வேலை செய்து புல்லைச் சுட்டுவிடும் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

சுடாது. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைமேல் படுத்திருக்கும் துளியால் இலை கருகவில்லை. ரோமம் உள்ள இலையில், துளி இலையைத் தொடாமல் ரோமத்தின் மேல் நின்றால்தான் அந்த வாய்ப்பு இருக்கிறது.

நடுப்பகலில் விட வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. ஆவியாகிப் போவது அதிகம், அவ்வளவுதான். இன்னொன்று, வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், காப்பி கலக்கலாம். அதைப் புல்லில் விடாமல் ஒரு வாளியில் பிடித்து வைத்துவிடுங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வரவே இரவு எட்டு மணி ஆகிறது. அப்போது தண்ணீர் விடலாமா?
– வாசகர், சரவணம்பட்டி

விடலாம் என்று சொல்ல ஆசைதான் தம்பி. ஆனால் எட்டு மணிக்கு நனைந்த புல் மறுநாள் காலை வெயில் வரும்வரை ஈரமாகவே நிற்கும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வட்ட வட்டமாகப் பழுப்பேறும் நோய் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகிறது என்றால் பெரும்பாலும் இரவுத் தண்ணீர் பழக்கம் உள்ள வீடாக இருக்கும்.

விடியற்காலை ஐந்திலிருந்து ஏழரைக்குள் விடுவது உத்தமம். காற்று இருக்காது, குழாயில் அழுத்தமும் நன்றாக இருக்கும், எட்டு மணி வெயிலில் இலையும் உலர்ந்துவிடும். குழாயில் மாட்டும் பேட்டரி டைமர் ஒன்று வாங்கிவிட்டால் நீங்கள் தூங்கிக்கொண்டே தண்ணீர் விடலாம். வாரம் இரண்டு நாள்தான் என்பதால் சனி, ஞாயிறு ஒருநாள், புதன் ஒருநாள் என்று எழுந்துகொண்டாலும் போதும். அதுவும் முடியாதென்றால், வெயில் காலம் மட்டும் இரவில் விட்டுச் சமாளியுங்கள். மழைக்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

நான்கு ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாகப் பச்சை, நடுவில் காய்ந்த பொட்டல். ஆனி, ஆடியில் நிலைமை இன்னும் மோசம். அழுத்தம் கூட்ட மோட்டாரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், பல்லடம்

மோட்டாரில் பணத்தைப் போடாதீர்கள். ஒரு ஸ்பிரிங்க்ளர் வீசும் தண்ணீர் பக்கத்து ஸ்பிரிங்க்ளரின் தலையைத் தொட வேண்டும். இதுதான் விதி. பலர் இரண்டு வட்டங்களின் ஓரங்கள் தொட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்து நடுவில் தூரம் விட்டுவிடுகிறார்கள். வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் குறைவாகத்தான் விழும் என்பதால் அங்கே பக்கத்து ஸ்பிரிங்க்ளரும் கைகொடுக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் புகையாக உடைந்து காற்றோடு போகும், தூரம் கூடாது.

மேலும் கீழும் ஒரே அகலமான டப்பாக்கள் ஏழெட்டை, எல்லாம் ஒரே மாதிரியாக, தரையில் அங்கங்கே வையுங்கள். வாய் அகன்ற டம்ளர் வேண்டாம், கணக்குத் தப்பிவிடும். ஸ்பிரிங்க்ளரைச் சரியாகக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பள்ளிக்கூட ஸ்கேலால் ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 5 மில்லிமீட்டர் என்றால் மணிக்கு 20. ஒரு தடவைக்கு வேண்டிய 12 மில்லிமீட்டருக்கு 36 நிமிடம் ஓட வேண்டும். ஒரு டப்பாவில் எட்டு, இன்னொன்றில் இரண்டு என்று வந்தால், இரண்டு வந்த இடம்தான் உங்கள் பொட்டல். அந்தப் பக்கம் தலையை நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஐந்தாவது ஒன்று போடுங்கள்.

ஆனி, ஆடி விஷயம் உங்களுக்கே தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உங்கள் பக்கம் காற்றாலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். நீங்கள் விடும் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் விடியும் முன்பே ஓட்டி முடித்துவிடுங்கள். தரையோடு தாழ்ந்து, பெரிய துளியாகப் போடும் நாஸில் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் காய்ச்சல் அதிகமிருந்தால் அங்கே மட்டும் கையால் ஹோஸ் பிடியுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் சுத்த சப்பை, ஒரே உப்பு. புல்லின் நுனி காய்ந்து, தரையில் வெள்ளையாகப் பூக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் இவற்றையும் விடலாமா?
– வாசகி, அவிநாசி

ஜிப்சம் வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணும் தண்ணீரும் பார்த்துத் தருகிறார்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு தடவை அலசி ஒரு லிட்டர் பிடித்துக் கொண்டுபோங்கள். வரும் தாளில் முதலில் மின்கடத்தும் திறன், அதாவது ஈ.சி. என்ற எண்ணைப் பாருங்கள். dS/m என்ற அலகில் அது 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை கவனமாகச் சமாளிக்கலாம். 3-க்கு மேலே போனால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் புல்தரை வேண்டாம். அடுத்தது சோடியம். சோடியம் அதிகமுள்ள தண்ணீர் மண்ணை இறுக்கி மேலே ஓடு கட்டிவிடும், அதற்குத்தான் ஜிப்சம் மருந்து. வெறும் கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மைக்கு ஜிப்சம் போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை, காசுதான் செலவு.

சப்பைத் தண்ணீர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கிவிடும். விட்டால் நிறைய விடுங்கள், உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கட்டும். மாதம் ஒருமுறை வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு விட்டுத் தரையைக் கழுவிவிடுவது நல்லது. ஐப்பசி மழை இந்த வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கும். மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதைப் போர் தண்ணீரோடு கலந்துகொள்ளலாம்.

ஆர்.ஓ. கழிவில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். உங்கள் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினில் கடைசி அலசல் தண்ணீரை மட்டும் அன்றன்றே விடலாம், சேர்த்து வைத்தால் நாறும். முதல் சோப்புத் தண்ணீரில் சோடியம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் மாட்டியிருக்கிறீர்களா? அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கும் கருவி. துணிக்கும் முடிக்கும் நல்லது, மண்ணுக்கு ஆகாது. தோட்டக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சிறுவாணி, அத்திக்கடவுக் குடிநீர் வருகிறவர்கள் அதைப் புல்லுக்கு விடுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

சாரல் அடித்த அன்றும் தண்ணீர் விட வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

மேலே சொன்ன அதே டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது இலையை நனைத்த மழை, கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துக்கு மேல் இருந்தால் ஒரு தடவைத் தண்ணீரை ரத்து செய்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் குடை பிடித்தாற்போல் நிற்கும் வீட்டில், டைமர் மட்டும் தன் கடமையைச் செய்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். முதல் பெருமழையன்று டைமரை அணைத்துவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு. கோடையில் போர் இறங்கிவிடுகிறது, லாரித் தண்ணீர்தான். புல்லுக்கு அதை ஊற்ற மனம் வரவில்லை. அப்படியே விட்டால் செத்துவிடுமா?
– வாசகி, நீலாங்கரை

உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊரில், லாரித் தண்ணீரைப் புல்லுக்கு விடுவது யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

புல் எல்லாம் உடனே செத்துவிடாது. என்ன புல் என்பதைப் பொறுத்தது. அருகம்புல் வகை, கடையில் பெர்முடா என்று விற்பது, மண்ணுக்குள்ளும் தண்டு ஓட்டி வைத்திருக்கும். மேலே முழுக்கப் பழுப்பானாலும் கீழே உயிர் இருக்கும், மழை கண்ட இரண்டு வாரத்தில் தளிர்க்கும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்துகிறார்கள்? கொரியன் புல்லும் தாங்கும், திரும்பி வர மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அகல இலை பஃபல்லோ புல்லுக்கு மண்ணுக்கடியில் தண்டு கிடையாது, எல்லாம் மேலேதான் ஓடும். அது முதலில் போய்விடும்.

தூங்கவிடுவது என்று முடிவெடுத்தால் முழுசாகத் தூங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலத் தண்ணீர், அதாவது சென்ட்டுக்கு 500 லிட்டர், தண்டு உயிரோடு இருக்க மட்டும். உங்களுடையது மணல் தரை என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றே வையுங்கள். உரம் வேண்டாம், மெஷின் ஓட்ட வேண்டாம், பிள்ளைகள் கிரிக்கெட் வேண்டாம். பாதி பச்சையாகும் அளவுக்கு ஒருநாள் விட்டு, பிறகு பத்து நாள் மறந்து, திரும்ப விட்டு என்று எழுப்பி எழுப்பிப் படுக்க வைத்தால்தான் தண்டிலுள்ள சேமிப்பெல்லாம் தீர்ந்து நிஜமாகவே சாகும்.

கோடை வரும் முன், மாசியிலேயே வெட்டும் உயரத்தைக் கூட்டிவிடுங்கள். பெர்முடா என்றால் ஒன்றரை அங்குலம். உயரம் கூடினால் வேரும் ஆழம் போகும், மண்ணிலும் நிழல் விழும். எப்போது வெட்டினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

புதிதாகப் புல் தகடு பதித்தோம். இதற்கும் வாரம் இரண்டு தடவைதானா?
– வாசகர், கரூர்

இதற்கு மட்டும் விதிவிலக்கு. வேர் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் காலை, பிற்பகல் இரண்டு வேளை, தகடும் அதற்குக் கீழே ஓர் அங்குலமும் நனையும்படி விடுங்கள். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். தகடு மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து ஒரு வேளை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மாதத்தில் வழக்கமான கணக்கு. தகடுகளின் இணைப்புக் கோடுதான் முதலில் காயும், அங்கே கண் வையுங்கள்.

எவ்வளவு பிடுங்கினாலும் கோரை வந்துகொண்டே இருக்கிறது. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

நிறைய உண்டு. எப்போதும் சொதசொதவென்று இருக்கும் தரை கோரைக்குச் சொந்த வீடு. கூடவே காளானும் பாசியும் வந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் அதிகம். இரண்டு தண்ணீருக்கு நடுவே மேல் மண் ஓர் அங்குலமாவது காயட்டும். கிழங்கோடு தோண்டி எடுக்கும் வேலை தனி, அது உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு இருக்கிறது.

நான் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிறேன் ஐயா. தினமும் தண்ணீர் பிடிக்காவிட்டால் நான் சும்மா இருப்பதாக வீட்டு அம்மா நினைக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், ரேஸ்கோர்ஸ், கோவை

பேசிப் புரியவைக்க முடியாது தம்பி, காட்டித்தான் ஆக வேண்டும். பின்பக்கம் ஓர் ஓரத்தில் கட்டில் அளவு இடத்தைக் கேட்டு வாங்கி, அங்கே மட்டும் படிப்படியாகக் குறைத்து வாரம் இரண்டு தடவைக்கு வாருங்கள். இரண்டு மாதம் கழித்து அங்கே ஒரு மண்வெட்டிக் கட்டி, தினம் நனையும் இடத்தில் ஒரு கட்டி வெட்டி, இரண்டையும் திண்ணையில் வைத்து அம்மாவைக் கூப்பிடுங்கள். வேரின் நீளத்தை அவர்களே பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். புல் தாகத்தை அதுவே சொல்லும். இலை சுருண்டு ஊசிபோல ஆகும், பச்சை மங்கிச் சாம்பல் நிறம் தட்டும். சாயங்காலம் தரையில் நடந்து திரும்பிப் பார்த்தால் கால் பதிந்த இடத்தில் புல் நிமிராமல் அப்படியே கிடக்கும். இது தெரிந்த மறுநாள் காலை தண்ணீர் விட்டால் போதும். மிச்சமாகும் நேரத்தில் ஓரம் வெட்டுவது, களை எடுப்பது, ஃபோர்க்கால் குத்துவது என்று அம்மா கண்ணில் படும் வேலையாகவே செய்யுங்கள்.

மாமரத்துக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் புல் பிடிக்கவில்லை.
– வாசகர், சேலம்

பிடிக்காது. அங்கே குறை தண்ணீரில் இல்லை, வெயிலில். மேலும் மாமரம் பூக்க வேண்டுமானால் கார்த்திகை, மார்கழியில் வேர் காய வேண்டும். நீங்கள் புல்லுக்காக விடும் தண்ணீரில் மரம் கொழுந்து விட்டுக்கொண்டு பூவை மறந்துவிடும். அடிமரத்தைச் சுற்றிக் கிளை பரவிய அளவுக்குப் புல்லை எடுத்துவிட்டு, உதிரும் மாஞ்சருகையே பரப்பி வையுங்கள். புல்தரையை நிழல் முடியும் இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும்.